ஏழாங்கட்டையில் மணி இல்லை

நூற்றாண்டு மலருக்குச்
சேகர வரலாறு இரண்டு பக்கம் வேண்டுமாம்.
பொருளாளர் என்பதால் என் தலையில் விழுந்தது.
"கணக்குப் பார்க்கிறவளுக்குக் கதையா தெரியாது" என்றார் ஐயர்,
காரை எடுத்துக்கொண்டே.

நான்கு ஆலயம் எங்களுக்கு.
சுங்கை மெராவான் டவுனில் பவுல்.
ஆனைமுட்டித் தோட்டத்தில் அந்திரேயா,
ஸ்காட்லாந்துத் துரை ஒருவனின் ஊர்ப்பாசம்.
கட்டைப்பாலத்தில் மாற்கு.
ஏழாங்கட்டையில் சகல பரிசுத்தவான்கள்:
பெயர்தான் பெரிசு,
முப்பது பேர் உட்கார்ந்தால்
முழங்கால் இடிக்கும்.

நாசரேத்திலும் முதலூரிலும் கப்பலேறியவர்கள்
ஜெபப்புத்தகத்தைத் துணிமூட்டையில் வைத்து
விசுவாசத்தைச் சுமந்து வந்தார்கள் என்று
ஆரம்பிக்க ஆசை.
பதிவேடு அப்படி ஆரம்பிக்கவில்லை.
1926. முதல் ஞானஸ்நானம்: சீலாஸ்.
தாய் ராக்காயி, பால்வெட்டு.
தகப்பன் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.
சாட்சி, உபதேசியார் மாசிலாமணி.

துரைமாருக்குக் காலை எட்டு, பிரம்பு நாற்காலி.
நமக்கு மாலை நான்கு, பலகை.
கிண்ணம் ஒன்றுதான்,
நடுவில் ஒருமுறை
வெந்நீரில் கழுவியிருக்கிறார்கள்.
வெந்நீர் போட்டவனுக்கு மாதம் இருபது காசு,
செலவுக் கணக்கில் இருக்கிறது.

ஏழாங்கட்டைக்கு மணி வாங்கப் பணம் இல்லை.
பெரட்டுக்களத்தில் தொங்கிய
தண்டவாளத் துண்டையே தட்டினார்கள்.
அதே இரும்பு, அதே சுத்தியல்.
வேலைநாளில் விடியுமுன் ஐந்து அடி.
ஞாயிற்றுக்கிழமை மூன்று,
கொஞ்சம் மெதுவாக.

1942இல் மை தீர்ந்துபோகிறது.
பிறகெல்லாம் பென்சில்.
வெள்ளைக்கார ஐயர் சிறையில்;
ஆஸ்பத்திரி டிரெஸர் எலிசா சற்குணம்
காயத்துக்கும் கட்டினார், பதிவேடும் எழுதினார்.
அடக்கப் பக்கத்தில் அவர் கையெழுத்து
மருந்துச்சீட்டு மாதிரியே கிறுக்கல்.
பெயர், வயது, தோட்டம்.
அடக்கம் செய்த இடம்: சயாம்.
அடக்கம் செய்தவர்: ஒரு கோடு.
சயாம், கோடு. சயாம், கோடு.
நாற்பத்தொரு வரி,
திரும்பி வந்த ஒருத்தன் திண்ணமாய்ச் சொல்லச் சொல்ல.

1946இல் புது ஐயர்.
எல்லா வரியின் மேலும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு.
ஓரத்தில், அழகான எழுத்தில்:
உடல் இல்லை. செல்லாது.

அதே வருஷம், கமிட்டிக் குறிப்பு, ஆறாவது விஷயம்.
ஏழாங்கட்டைப் பெண்கள்
தண்டவாளத்தை இறக்கிவிடக் கேட்கிறார்கள்.
காரணம் சொல்லவில்லை.
அனுமதிக்கப்பட்டது. புது மணி பிறகு.

அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.
ரப்பர் போய்ச் செம்பனை வந்தது,
துரை போய்க் கம்பெனி வந்தது,
மாற்கு ஆலயத்தைச் சுற்றி
இரண்டு பக்கமும் டாமான் வீடுகள்.
ஏழாங்கட்டைக்குப் போனேன்.
பதினோரு பேர்.
கதவு திறக்கிற பிளசி அக்காவிடம் கேட்டேன்,
ஏன் மணியே இல்லை என்று.
"எங்களுக்கு அது பழக்கமில்லம்மா" என்றார்,
சாவியைத் துடைத்தபடி.
அவருக்கும் காரணம் தெரியாது.
சத்தம் மட்டும் வேண்டாம் என்று
யாரோ அவர் அம்மாவுக்குச் சொல்லி,
அது அப்படியே நின்றுவிட்டது.

வரைவைப் படித்த ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.
"செல்லாதுன்னு எழுதியிருக்கே."
செல்லாத நோட்டையும் எண்ணித்தான் ஐயா
கல்லாவை மூடுவோம் என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பட்டியலின் முதல் பெயரில் விரல் வைத்திருந்தார்:
சீலாஸ், ராக்காயி மகன்,
வயது பதினேழு.

நாற்பத்தொரு பெயரும் தட்டச்சு செய்துவிட்டேன்.
இரண்டாம் பக்கம் நிறைந்துவிட்டது.
அத்தியட்சரின் வாழ்த்துரைக்கு
வேறு தாள் பாருங்கள்.